காலத்தைப் பங்கிட்ட எமில் போடோ

ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி உலக்கை போட்டு நெல் குத்தும் காட்சியை நம் சிற்றூர்களில் முற்காலத்தில் காணலாம். ஒருத்தியின் உலக்கை மேலே எழும்போது மற்றொருத்தியின் உலக்கை கீழே இறங்கும். உரல் ஒன்றே, உலக்கைகளோ இரண்டு. ஆயினும் அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய கைவலிமை மட்டும் அன்று. இருவரும் ஒரே தாளத்தை விடாது கடைப்பிடிப்பதே முதற்காரணம். தாளம் பிசகினால் உலக்கைகள் முட்டும், நெல்லும் சிதறும்.

இவ்வெளிய உண்மையைத் தந்திக் கம்பியில் நிலைநாட்டிக் காட்டியவர் ஒருவர். அவர் பெயர் எமில் போடோ. அவர் பிரெஞ்சு நாட்டின் உழவர் குடியிற் பிறந்து, தொடக்கப் பள்ளிக் கல்வியோடு நின்றவர். இன்று ஒரு கணினி, மற்றொரு கருவியோடு கம்பி வழியே செய்தி பரிமாறும் விரைவை அளப்பதற்கு ‘பாட்’ என்றோர் அலகு உண்டு. அவ்வலகு போடோ என்னும் அவர் பெயரைச் சுருக்கி அமைத்ததே ஆகும். பெரும் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் பெயர் அறிவியல் அலகாக நிலைபெற்ற வரலாறு, மாணவர்களாகிய நீங்கள் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

பிரெஞ்சு நாட்டின் வடகிழக்குப் பகுதியில் ஓத்-மார்ன் என்னும் மாவட்டம் உள்ளது. அங்குள்ள மான்யூ என்னும் சிற்றூரில் 1845ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் போடோ பிறந்தார். அவருடைய தந்தையார் உழுதொழில் செய்து வாழ்ந்தவர். போடோ தம் ஊர்த் தொடக்கப் பள்ளியிலே பயின்றார். அதற்கு மேற்பட்ட பள்ளியிலோ கல்லூரியிலோ பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பள்ளியை விட்டபின் தந்தையாருக்குத் துணையாக நிலத்தில் உழைத்தார்.

ஆயினும் உழவே தம் வாழ்வு என்று அவர் அமைந்துவிடவில்லை. 1869ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், பிரெஞ்சு அரசின் தந்தித் துறையில் பயிற்சி பெறும் பணியாளராகச் சேர்ந்தார். தந்தி அந்நாளில் ஒரு புதுமை. பல நாள் நடந்தும் குதிரையேறியும் கொண்டுசெல்ல வேண்டிய செய்தியை அது சில நிமிடங்களில் கொண்டு சேர்த்தது. அரசும் வணிகரும் செய்தித்தாள் நடத்துவோரும் அதனையே நம்பி வாழத் தொடங்கியிருந்தனர்.

தந்தி அலுவலகத்தில்

துறையினர் போடோவுக்கு முதலில் மோர்ஸ் முறைத் தந்தியைக் கற்பித்தனர். அம்முறையில் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் குறிகளைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தும் அனுப்பப்படும். பின்னர் யூஸ் என்பார் அமைத்த அச்சுத் தந்திப் பொறியை இயக்கும் முறையை நான்கு திங்கள் பயின்றுவர அவரை அனுப்பினர். அப்பொறியில் பியானோ என்னும் இசைக்கருவியில் உள்ளவை போன்ற விசைகள் இருக்கும். இங்கே ஒரு விசையை அழுத்தினால் அங்கே அதற்குரிய எழுத்து தாளில் தானே அச்சாகும். குறிகளைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய தொல்லை அதனால் நீங்கிற்று.

அடுத்த ஆண்டில், 1870இல், பிரெஞ்சு நாட்டுக்கும் பிரஷ்ய நாட்டுக்கும் இடையே போர் மூண்டது. போடோ அப்போரில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் 1872ஆம் ஆண்டில் பாரிசு நகரத் தந்தி அலுவலகத்திற்குத் திரும்பினார்.

அங்கே நாள்தோறும் பொறியின் முன் அமர்ந்து பணி செய்தபோது ஒன்று அவர் கருத்தை ஈர்த்தது. பாரிசு நகரிலிருந்து தொலைவிலுள்ள ஊருக்குச் செல்லும் கம்பி, பெரும்பொருள் செலவிட்டு அமைக்கப்பட்டது. மரங்களை நட்டு, மலையையும் ஆற்றையும் கடந்து, பல நூறு கல் தொலைவு இழுத்துச் செல்லப்பட்டது. அத்தகைய கம்பியில் மின்னோட்டம் ஒரு குறியைக் கொண்டு செல்ல ஆகும் நேரம் மிகமிகச் சிறிது. அக்குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே மனிதன் தன் விரலை எடுத்து மற்றொரு விசையில் வைக்க வேண்டும். அந்த இடைவெளி முழுவதும் கம்பி வாளா கிடந்தது. கம்பி விரைவுடையது, கை மெதுவானது. கைக்காகக் கம்பி காத்துக் கிடந்தது.

இக்குறையை நீக்குவதற்கு இன்னொரு கம்பி இழுப்பதே அந்நாளிற் பலரும் கண்ட வழி. செய்தி பெருகப் பெருகக் கம்பிகளும் பெருகின, செலவும் பெருகிற்று. போடோவோ வேறு வழியை எண்ணினார். ஒருவர் கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் மற்றொருவர் கை அதே கம்பியைப் பயன்படுத்தலாகாதா என்று அவர் ஆராய்ந்தார். துறையினர் அம்முயற்சியை ஊக்கினர். ஆனால் அதனை அலுவல் நேரத்திற்குப் புறத்தே, தம் சொந்த நேரத்தில் செய்து கொள்ளுமாறு கூறினர். பகலெல்லாம் பொறி இயக்கிய போடோ, ஓய்வுக்குரிய நேரத்தில் பொறி அமைக்கலானார்.

ஐந்து குறிகள்

அவர் முதலில் எழுத்துகளின் வடிவத்தை நோக்கினார். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். மற்றோர் எழுத்துக்குப் புள்ளியும் கோடுமாக நான்கு குறிகள் வேண்டும். எனவே ஓர் எழுத்து எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடியும் என்று பொறி முன்னதாக அறிய இயலாது. காலத்தைச் சமமாகப் பங்கிட வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்தும் சமமான காலத்தையே கொள்ள வேண்டும் அன்றோ?

ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள் என்று அவர் வரையறுத்தார். ஒவ்வொரு குறியும் இரண்டு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். இரண்டை ஐந்து முறை தன்னால் பெருக்கினால் 32 வரும். ஆதலின் ஐந்து குறிகளால் 32 வகையான சேர்க்கைகளை அமைக்கலாம். ஐரோப்பிய மொழி ஒன்றின் நெடுங்கணக்கிற்கு இவை போதும். எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடம் வேண்டி, ஒரே சேர்க்கை இரு பொருளைத் தருமாறு அவர் அமைத்தார். எழுத்தா, எண்ணா என்பதை முன்னர் அனுப்பும் ஒரு தனிச் சேர்க்கை அறிவித்துவிடும்.

ஐந்து குறிகளைக் கொண்டு எழுத்தைக் குறிக்கும் எண்ணம் முற்றிலும் புதியது அன்று. செருமானிய அறிஞர்களான கவுசும் வேபரும் 1834ஆம் ஆண்டளவில் அத்தகைய முறை ஒன்றை வகுத்திருந்தனர். காலத்தைப் பகிர்ந்தளிக்கும் சுழற்பொறி ஒன்றை மேயர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1871ஆம் ஆண்டில் அமைத்திருந்தார். எழுத்தை அச்சிடும் பொறியோ யூசுடையது. தனித்தனியே கிடந்த இம்மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து, நாள்தோறும் பிழையின்றி இயங்குமாறு செய்ததே போடோவின் அருஞ்செயல். செங்கல்லும் மரமும் எங்கும் உள்ளன. அவற்றைக் கொண்டு இல்லம் எடுப்பவன் ஒருவன் வேண்டும் அல்லவா? 1874ஆம் ஆண்டு சூன் திங்கள் 17ஆம் நாள் விரைவுத் தந்தி முறை என்னும் பெயரால் தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

சுழலும் தூரிகை

அவருடைய பொறியின் இதயம் ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகட்டின் மேல் உலோகக் கம்பிகளால் ஆன தூரிகை ஒன்று கடிகார முள் போலச் சுழன்று, ஒவ்வொரு துண்டாகத் தொட்டுச் செல்லும். நால்வர் ஒரே கம்பியைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். முதல் ஐந்து துண்டுகள் முதல்வருக்கு உரியவை. அடுத்த ஐந்தும் இரண்டாமவருக்கு உரியவை. இவ்வாறே நால்வருக்கும் 20 துண்டுகள் ஆகும். தூரிகை ஒருமுறை சுற்றி வருவதற்குள் நால்வரும் ஆளுக்கோர் எழுத்தை அனுப்பிவிடுவர்.

தூரிகை நிமிடத்திற்கு 180 முறை, அதாவது நொடிக்கு மூன்று முறை சுழன்றது. ஆகவே ஒவ்வொருவரும் நிமிடத்திற்கு 180 எழுத்துகளை, ஏறத்தாழ 30 சொற்களை, அனுப்பினர். நால்வரும் சேர்ந்து 120 சொற்களை ஒரே கம்பியில் அனுப்பினர். நொடிக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு 20 குறி எனக் கணக்கிட்டால், கம்பியில் நொடிக்கு 60 குறிகள் சென்றன என்பது விளங்கும்.

இங்கேதான் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. அனுப்பும் ஊரிலும் பெறும் ஊரிலும் ஒவ்வொரு தூரிகை சுழல்கிறது. இரண்டும் ஒரே விரைவில், ஒரே இடத்தைத் தொட்டுக்கொண்டு சுழல வேண்டும். பெறும் தூரிகை ஒரு நொடியின் 60இல் ஒரு பங்கு பிந்தினாலும், ஒருவருடைய குறி அடுத்த குறியின் இடத்தில் விழும். எழுத்து வேறாகும், இறுதிக் குறியோ அடுத்தவருடைய செய்தியில் நுழைந்துவிடும். தாளில் அச்சாவது எம்மொழிக்கும் உரியதாகாது. பல நூறு கல் இடையிட்ட இரண்டு பொறிகள், ஒன்றையொன்று காணாமல், ஒரே தாளத்தில் ஓடுவது எங்ஙனம்?

போடோ இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் இரு பொறிகள் முற்றும் ஒத்து ஓடா என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். எனவே பெறும் தூரிகை சிறிதளவு விரைவாகவே ஓடுமாறு அமைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் அனுப்பும் ஊரிலிருந்து ஒரு திருத்தக் குறி வரும். அக்குறி முந்திய தூரிகையைச் சற்றே பின்னிழுத்து, இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தும். பிழை சிறிதாய் இருக்கும்போதே ஒவ்வொரு சுற்றிலும் திருத்தப்பட்டமையால், அது பெருகிச் செய்தியைக் கெடுக்கவில்லை.

விரல்களின் தாளம்

பொறிகள் ஒத்து ஓடினால் மட்டும் போதாது. அவற்றை இயக்கும் மனிதரும் ஒத்து இயங்க வேண்டும். போடோவின் விசைப்பலகையில் ஐந்தே விசைகள் இருந்தன. இரண்டு இடக்கைக்கு, மூன்று வலக்கைக்கு. ஐந்து குறிகளுக்கும் உரிய விசைகளை ஒருங்கே அழுத்த வேண்டும். 32 சேர்க்கைகளையும் இயக்குநர் விரல்களிலேயே மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அதுமட்டுமன்று. அவருடைய முறை வரும்பொழுதுதான் அவர் அழுத்தலாம். அழுத்திய விசைகள், தூரிகை அவற்றைக் கடந்து செல்லும் வரையில் பூட்டப்பட்டிருக்கும். கடந்தவுடன் ‘டக்’ என்ற ஒலியுடன் விடுபடும். அவ்வொலியே அடுத்த எழுத்தை அழுத்துக என்னும் அறிவிப்பு. நொடிக்கு மூன்று முறை அவ்வொலி எழும்; நொடிக்கு மூன்று முறை விரல்கள் அசையும். முந்தினாலும் பயனில்லை, பிந்தினால் அந்தச் சுற்று வீணாகும். விரைந்த கையும் மெதுவான கையும் அங்கே ஒன்றே. தாளம் தவறாத கையே சிறந்த கை. இது எளிய பணி அன்று. மணிக்கணக்கில் அவ்வாறு அமர்ந்து பணி செய்வதற்கு நெடிய பயிற்சி வேண்டியிருந்தது. பாரிசுத் தந்தி அலுவலகத்தில் வரிசையாக அமர்ந்த இயக்குநர்களின் கைகள், இசைவாணர் கைகளைப் போல ஒரு தாளத்திற்கு அடங்கி அசைந்தன.

வெற்றியும் வழக்கும்

1875ஆம் ஆண்டில் தந்தித் துறை போடோவின் முறையை ஏற்றுக்கொண்டது. 1877ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பாரிசுக்கும் பொர்தோ நகருக்கும் இடையே அது முதன்முதலாகக் கம்பியில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் பாரிசுக்கும் உரோமாபுரிக்கும் இடையே, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில், அது இயங்கலாயிற்று. 1878ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அம்முறைக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. தம் ஊர்ப் பள்ளிக்கு மேல் எப்பள்ளியையும் காணாத உழவர் மகனை உலகம் அறிந்தது.

ஆனால் புகழ் தனியே வரவில்லை. 1877ஆம் ஆண்டிலேயே, ஐந்து குறி முறை தம்முடையது என்று மிமோ என்பார் போடோவின் மேல் வழக்குத் தொடுத்தார். முதலில் நீதிமன்றம் மிமோவுக்கே முதன்மை அளித்துத் தீர்ப்புக் கூறிற்று. இரவும் பகலும் உழைத்துக் கண்டது பிறருடையது என்று ஒரு மன்றம் கூறுமானால் கண்டவர் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும்! எனினும் போடோ தம் பணியை நிறுத்தவில்லை. பின்னர் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. வழக்குச் செலவும் மிமோவின் தலையிலேயே விழுந்தது.

வழக்கைவிடக் கொடிய பகை ஒன்று அவரோடு நெடுநாள் இருந்தது. அது நோய். தந்தித் துறையில் சேர்ந்த சில காலத்திற்குள்ளேயே அவர் உடல் நலம் குன்றத் தொடங்கிற்று. பலமுறை அவர் பணிக்கு வர இயலாது போயிற்று. ஒருமுறை ஒரு திங்கள் முழுவதும் வர இயலவில்லை. அந்நோய் இறுதி வரையில் அவரை விட்டு நீங்கவில்லை. 1890ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மணம் புரிந்துகொண்டார். மூன்று திங்கள் முடிவதற்குள் அவருடைய மனைவியார் உயிர் நீத்தார். அத்துயரையும் அவர் தாங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே பாரிசு, வான், லோரியான் என்னும் மூன்று ஊர்களை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார்.

துறையும் அவரை மதித்தது. 1880ஆம் ஆண்டில் மேற்பார்வையாளராகவும், 1882ஆம் ஆண்டில் பொறியாளராகவும் அவர் உயர்த்தப்பட்டார். 1894ஆம் ஆண்டில் பாரிசு, மிலான் ஆகிய நகரங்களின் பங்குச் சந்தைகளை அவர் பொறி இணைத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்திலும் இந்தியத் தந்தித் துறையிலும் அவருடைய முறை வழங்கிற்று. 1903ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள், பாரிசு நகரை அடுத்த சோ என்னும் ஊரில், தம் 57ஆம் வயதில் போடோ இயற்கை எய்தினார்.

பெயர் அலகான வரலாறு

போடோ மறைந்தபின்னும் அவர் நட்ட மரம் வளர்ந்தது. தாளத்தோடு ஐந்து விசைகளை அழுத்தும் தொல்லையை நீக்க, டொனால்டு மரே என்பார் 1901ஆம் ஆண்டளவில் தட்டச்சுப் பொறியைப் போன்ற விசைப்பலகையை அமைத்தார். ஐந்து குறி முறையையும் அதற்கேற்ப மாற்றினார். பின்னர் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே தொடக்கக் குறியும் பின்னே நிறுத்தக் குறியும் சேர்க்கும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. போடோ சுற்றுக்கு ஒருமுறை செய்த திருத்தத்தை இம்முறை எழுத்துக்கு ஒருமுறை செய்தது. தொடக்கக் குறி வந்தவுடன் பெறும் பொறி தன் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும். எழுத்து முடிந்ததும் நின்றுவிடும்.

1926ஆம் ஆண்டில் தந்தியின் விரைவை அளக்கும் அலகுக்குப் போடோவின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது. ஒரு நொடியில் கம்பியில் எத்தனை குறிகள் செல்கின்றனவோ அத்தனை பாட். நாம் முன்னர்க் கணக்கிட்ட 60 குறிகள் 60 பாட் ஆகும்.

தந்தி எழுதிய விரல்கள் ஓய்ந்தன. நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தந்திப் பணி முடிவுற்றது. ஆனால் பாட் என்னும் அலகு ஓயவில்லை. தந்திப் பொறிகளே முதலில் கணினியோடு பேசும் முனையங்களாயின. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் பொறி 110 பாட் விரைவில் இயங்கிற்று. எழுத்து ஒன்றுக்கு 11 குறிகள். ஆகவே நொடிக்குப் பத்து எழுத்துகள். பின்னர்த் தாளுக்கு மாறாகத் திரையையுடைய முனையங்கள் தோன்றின. விரைவு 300, 1200, 9600 பாட் என்று உயர்ந்தது.

பழங்கணினிகளைப் போற்றிப் பாதுகாப்போர் இன்று உலகெங்கும் உளர். நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கணினியைப் புதிய கணினி ஒன்றோடு கம்பியால் இணைத்து, அதனை முனையமாகப் பயன்படுத்த அவர்கள் முயல்கின்றனர். அப்பொழுது, போடோ கண்ட இடுக்கண்கள் அப்படியே மீண்டும் தோன்றுகின்றன. ஒரு பக்கம் 9600 பாட் என்றும் மறுபக்கம் 4800 பாட் என்றும் வைத்துவிட்டால், திரையில் பொருளற்ற குறிகளே நிறையும். இரு பக்கமும் ஒரே எண்ணை வைத்தாலும், ஒரு கருவியின் கடிகாரம் நூற்றுக்கு ஐந்து பங்கு வேறுபட்டால் எழுத்து பிழைபடும். ஓர் எழுத்துக்குப் பத்துக் குறிகள். ஒவ்வொரு குறியிலும் ஐந்து பங்கு பிந்தினால், பத்தாம் குறியில் அரைக் குறி அளவு பிந்திவிடும். அதற்குமேல் அடுத்த குறியின் எல்லை வந்துவிடும் அன்றோ?

தாளம் ஒத்திருந்தும் துன்பம் தீராத இடமும் உண்டு. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியோடு வழங்கிய செய்தி வாங்கும் சில்லு, வந்த எழுத்துகளுள் ஒன்றை மட்டுமே வைத்திருக்க வல்லது. 9600 பாட் விரைவில் நொடிக்கு 960 எழுத்துகள் வரும். அதாவது ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஓர் எழுத்து. அதற்குள் கணினி அவ்வெழுத்தை எடுத்துக்கொள்ளாவிடின், பின்னே வரும் எழுத்து முன்னையதை அழித்து அவ்விடத்தில் அமரும். 1982ஆம் ஆண்டில் வந்த கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியில் அத்தகைய சில்லும் இல்லை. கணினியே ஒவ்வொரு குறிக்கும் உரிய நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் 2400 பாட் விரைவிற்கு மேல் அது தடுமாறும்.

இதற்குப் பொறியாளர் கண்ட மருந்து, பெறுபவன் நிறுத்து என்று சொல்லும் உரிமை. பெறும் கருவி, தன் கையிலுள்ளவற்றை முடிக்கும் வரையில் நிறுத்துமாறு ஒரு குறி அனுப்பும். முடித்தபின் தொடருமாறு மற்றொரு குறி அனுப்பும். 1978ஆம் ஆண்டில் வந்த வி.டி. 100 என்னும் புகழ்பெற்ற முனையம் இவ்வாறே செய்தது. அனுப்பும் கணினி அக்குறிக்கு மதிப்பளிக்குமானால் ஓர் எழுத்தும் இழப்பாகாது. மதியாது கொட்டுமானால் செய்தியின் நடுவே வரிகள் காணாமற்போகும்.

போடோவின் காலத்தில் கம்பி விரைவுடையது, கை மெதுவானது. இன்றோ கம்பி விரைவுடையது, பழங்கணினி மெதுவானது. நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கடந்தும், இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எவ்வளவு விரைவாக அனுப்பலாம் என்பது முதற்கேள்வி அன்று. பெறுவோர் எவ்வளவு விரைவாகப் பெற வல்லவர் என்பதே முதற்கேள்வி.

முடிவுரை

போடோவுக்குப் பெருங்கல்வி இல்லை. உடல் நலமும் இல்லை. அவர் செய்த வேலைக்கு அலுவல் நேரமும் அளிக்கப்படவில்லை. அவர் கண்டது அவருடையது அன்று என்றும் ஒருகால் தீர்ப்பு வந்தது. எனினும், வீணாகிய நேரத்தை அவர் ஒருவர் கண்டார். கண்டதை விடாது பற்றினார். பொறிகள் பிழை செய்யும் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அப்பிழையைத் திருத்த வழி வகுத்தார்.

உரலில் உலக்கை போடும் இருவருள் ஒருத்தி களைத்தால் மற்றவளும் தன் கையை மெதுவாக்குவாள். அதனால் குத்தும் வேலை நிற்பதில்லை, நெல்லும் சிதறுவதில்லை. தம்மோடு பணி செய்வார் ஆற்றலை அறிந்து, அவரோடு தாளம் ஒத்து நடப்பதே கூட்டு வாழ்வின் அடிப்படை. நாளை நீங்கள் ஏதேனும் ஒரு கருவியில் பாட் என்னும் சொல்லைக் காண நேர்ந்தால், அது வெறும் எண்ணிக்கைச் சொல் அன்று. நொடிக்கு மூன்று முறை ஒலித்த பொறியின் முன்னே பொறுமையோடு அமர்ந்திருந்த ஓர் உழவர் மகனின் பெயர் என்பதை நினைவிற் கொள்வீராக.